புலிக்குச் சேணம் வந்த கதை

முதலாம் தவணை தொடங்கிய கிழமை. தரம் இரண்டு வகுப்பில் ஒரு பிள்ளை தன் புத்தகப் பையை மேசைக்குக் கீழே காலால் தள்ளித் தள்ளி மறைத்துக்கொண்டிருந்தது. கிழிந்த பை என்று நினைத்தோம். எடுத்துப் பார்த்தால் நல்ல தடித்த துணி, கறுப்பு நிறம், உறுதியான சிப். வாப்பா பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். அந்தப் பையில் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அதில் யாருடைய முகமும் இல்லை.

இடைவேளைக்கு நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்கள் வகுப்பைச் சுற்றிப் பார்த்தோம். ஐந்தாறு பைகளைத் தவிர எல்லாவற்றிலும் ஏதோவொரு கார்ட்டூன் முகம். தண்ணீர் போத்தலிலும் அதே முகம், பென்சில் பெட்டியிலும் அதே முகம். பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் காலத்திலும் டோரா இருந்தாள், பென் டென் இருந்தான். அந்தப் பச்சை மணிக்கூட்டுக்காகப் பெருநாள் காசு முழுவதையும் கொடுத்த தம்பிமார் எத்தனையோ பேர் இதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முந்திய நானாமாரும் ராத்தாமாரும் ரூபவாஹினியில் டைட்டஸ் தொடவத்த சிங்களத்தில் பேச வைத்த டொக்டர் டூலிட்டிலைப் பார்த்து வளர்ந்தவர்கள். 'தொஸ்தர ஹொந்த ஹித' என்றால் இன்றும் அவர்கள் முகம் மலரும். ஆனால் அந்த டொக்டரின் படம் போட்ட பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலை போனதாக அவர்களில் ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். பிறகு அது நினைவில்தான் ஓடும்.

நிகழ்ச்சி எப்போது பைக்குள் புகுந்தது? யார் புகுத்தினார்கள்? இதைத் தேடிப் போனபோது நாங்கள் வாசித்து அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுவோம். பையைத் தைப்பவர் வேறு, பையில் உள்ள முகத்தின் சொந்தக்காரர் வேறு. தைக்கும் கம்பனி முகத்தை வாடகைக்கு எடுக்கிறது. அந்த வாடகைச் சீட்டின் பெயர்தான் உரிமம். விற்கும் ஒவ்வொரு சாமானின் மொத்த விலையிலும் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சொந்தக்காரருக்குப் போகும். விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்றும் எழுதிவிடுவார்கள். பதிலுக்கு ஒரு தடித்த கையேடு கிடைக்கும். முகம் எந்தக் கோணத்தில் இருக்கலாம், எந்த நிறம், எந்த உடை, சிரிக்கும்போது வாய் எவ்வளவு திறக்கலாம் என்பது வரைக்கும் அதில் இருக்கும். பொம்மை என்றால் இன்னும் வேலை. வரைபடம் அனுப்ப வேண்டும், பிறகு களிமண்ணில் செய்த மாதிரி, பிறகு நிறம் பூசிய மாதிரி, பிறகு பெட்டி. ஒவ்வொரு படியிலும் சொந்தக்காரர் 'சரி' என்று சொன்னால்தான் அடுத்த படி.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. கார்ட்டூன் தட்டையானது, பொம்மை அப்படியல்ல. மிக்கி மவுஸின் காதுகளைக் கவனித்திருக்கிறீர்களா? மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதும் இரண்டு முழு வட்டமாகத்தான் தெரியும். உண்மையான தலையில் அப்படிக் காது வைக்க ஒரு வழியுமில்லை. பக்கவாட்டில் பார்த்தால் வட்டம் ஒடுங்கித்தான் தெரியும். பொம்மை செய்கிறவர் ஏதாவது ஒரு கோணத்தைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். பிள்ளை மட்டும் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் 'இது மிக்கி இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. இந்தத் தொழிலின் கஷ்டமெல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

மிக்கியில்தான் இந்த வாடகைக் கணக்கு பெரிதானது. 1929இல் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் ஒருவர் வோல்ட் டிஸ்னியிடம் வந்து, பிள்ளைகளின் எழுதும் கொப்பிகளில் மிக்கியைப் போட 300 டொலர் தருகிறேன் என்று கேட்டதாக டிஸ்னி கம்பனியே சொல்லும் கதை உண்டு. கொப்பி என்பதைக் கவனியுங்கள். முதல் சாமானே பாடசாலைச் சாமான். 1932இல் கே கமன் என்ற விளம்பரக்காரர் பொறுப்பெடுத்த பிறகு அது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. 1933இல் மிக்கி மணிக்கூடு வந்தது. ஆனால் அது சினிமாக் கொட்டகையின் காலம். தொலைக்காட்சி வந்த பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது.

1947இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஹவுடி டூடி என்ற மரப்பாவையை வைத்து ஒரு சிறுவர் நிகழ்ச்சி வந்தது. பிள்ளைகள் அதில் மயங்கிப்போனார்கள். பெரிய கடைக்காரர்கள் அந்தப் பாவையைப் போலப் பொம்மை வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்போதுதான் பிரச்சினை வெடித்தது. பாத்திரம் நிகழ்ச்சிக்காரருக்குச் சொந்தம். ஆனால் பாவையைத் தன் கையால் செய்து ஆட்டியவர் ஃபிராங்க் பாரிஸ் என்ற கலைஞர். பொம்மைப் பணத்தில் தன் பங்கு எங்கே என்று அவர் கேட்டார். இழுபறி முற்றி, 1948இல் ஒரு நாள் பாரிஸ் பாவையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். நேரடி ஒளிபரப்பு, கதாநாயகனைக் காணவில்லை!

நிகழ்ச்சிக்காரர்கள் சமாளித்த விதம்தான் அழகு. ஹவுடி டூடி 'எல்லாப் பிள்ளைகளுக்குமான ஜனாதிபதி' தேர்தலில் நிற்கிறான், பிரசாரத்துக்குப் போயிருக்கிறான் என்றார்கள். பிறகு, இன்னும் அழகாக இருக்க வேண்டும் என்று முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டான் என்றார்கள். சில மாதங்களில் புது முகத்தோடு புது ஹவுடி வந்தான். அதைச் செய்தவர் வெல்மா டோசன் என்ற பெண் கலைஞர். இன்று அமெரிக்கர்கள் நினைவில் வைத்திருக்கும் ஹவுடி டூடி இந்த இரண்டாவது முகம்தான். பொம்மை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை, தொலைக்காட்சிப் பாத்திரத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. இதன் பிறகு எந்தக் கம்பனியும் முகம் யாருக்குச் சொந்தம் என்று முதலில் எழுதி வாங்காமல் வேலையைத் தொடங்கியிருக்குமா?

இதுவரை ஒழுங்கு ஒன்றுதான்: நிகழ்ச்சி முதலில், பொம்மை பிறகு. அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றாமலா இருக்கும்? 1968இல் மட்டேல் கம்பனி ஹொட் வீல்ஸ் என்ற சின்னக் கார்களை விற்கத் தொடங்கியது. 1969இல் அதே பெயரில் ஒரு கார்ட்டூன் வந்துவிட்டது. முறைப்பாடு செய்தது யார் தெரியுமா? பெற்றோர் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. போட்டிக்குக் கார் விற்ற இன்னொரு பொம்மைக் கம்பனி! இது நிகழ்ச்சியா அல்லது அரை மணித்தியால விளம்பரமா என்று அது கேட்டது. அமெரிக்காவின் ஒளிபரப்புகளை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவும் அது விளம்பரம்தான் என்ற பக்கமே சாய்ந்தது. கொஞ்சக் காலத்துக்குக் கதவு மூடப்பட்டது.

கதவைத் திறந்துவிட்டவர் மார்க் ஃபவ்லர். ஜனாதிபதி ரேகன் 1981இல் அந்த ஆணைக்குழுவுக்கு நியமித்த தலைவர். தொலைக்காட்சி என்பது பாண் சுடும் டோஸ்டரைப் போல வீட்டில் இருக்கும் இன்னொரு சாமான், அதில் படம் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அவருடைய கொள்கை. 1984இல் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை ஆணைக்குழு நீக்கியது. ஆனால் அதற்கு முன்பே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பாய் விரித்தவர்கள் இருந்தார்கள்.

இனித் தலைப்பில் சொன்ன புலிக்கு வருவோம்.

1970களின் நடுப்பகுதியில் ஸ்டார் வோர்ஸ் என்ற படத்துக்குப் பொம்மை செய்யும் வாய்ப்பு மட்டேலிடம் வந்தது. வேண்டாம் என்றார்கள். கெனர் என்ற கம்பனி எடுத்து அள்ளிக் குவித்தது. வயிறெரிந்த மட்டேல், யாருக்கும் வாடகை கொடுக்காத சொந்த வீரன் ஒருவனை உருவாக்க ஆட்களை இறக்கியது. வடிவமைப்பாளர் ரோஜர் ஸ்வீட், கம்பனியிடம் ஏற்கெனவே இருந்த பிக் ஜிம் என்ற பழைய பொம்மையை எடுத்தார். அதன்மேல் களிமண்ணை அப்பித் தசைகளைப் பெருக்கினார். ஒருவன் காட்டுவாசி வீரன், ஒருவன் படைவீரன், ஒருவன் விண்வெளி வீரன் என்று மூன்று மாதிரிகள். உடை, ஆயுதம், உலகம் எல்லாவற்றுக்கும் வடிவம் கொடுத்ததில் மார்க் டெய்லர் என்ற ஓவியருக்குப் பெரும் பங்கு உண்டு. யார் படைத்தார் என்பதில் இருவருக்கும் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கைத் தீர்ப்பது எங்கள் வேலையில்லை. 1982இல் கடைக்கு வந்த பொம்மையின் பெயர் ஹீ-மேன்.

புது அச்சு வெட்டுவது பொம்மைத் தொழிலில் பெரிய செலவு. ஆகவே ஒரே உடல் அச்சைப் பல பாத்திரங்களுக்குப் பாவித்தார்கள். தலையை மாற்று, நிறத்தை மாற்று, புதிய ஆள். ஹீ-மேனுக்கு ஒரு வாகனமும் வேண்டியிருந்தது. கையில் காசு குறைவு. பிக் ஜிம்முக்காகச் செய்த புலி ஒன்றின் அச்சு கம்பனியில் இருந்தது. பிக் ஜிம் ஏறத்தாழ 10 அங்குலம், ஹீ-மேனோ ஐந்தரை அங்குலம். சின்ன வீரனுக்குப் பக்கத்தில் அந்தப் புலி குதிரை அளவுக்கு நின்றது. இது பொருந்தாது என்று சொல்லியிருக்கலாம். டெய்லர் அதன் முதுகில் ஒரு சேணத்தைப் போட்டார். பச்சை நிறம் பூசி, செம்மஞ்சள் கோடு கீறினார்கள். போர்ப்புலி பிறந்தது!

எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வீட்டில் எஞ்சிய சோற்றில் உம்மா செய்யும் புதுச் சாப்பாட்டைப் போன்ற வேலை. பிறகு வந்த கார்ட்டூனில் இந்தப் புலி சாதாரண நேரத்தில் நடுநடுங்கும் கோழையாகவும், வாளின் சக்தி பட்டதும் வீரப்புலியாகவும் மாறும். பிள்ளைகள் மனதில் பதிந்த அந்தப் பாத்திரத்துக்கெல்லாம் மூலம், அளவு தப்பிய ஒரு பிளாஸ்டிக் அச்சு.

கார்ட்டூன் எப்படி வந்தது என்பது இன்னொரு சிரிப்பு. படமாக வராத பொம்மை யார் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னச் சித்திரக்கதைப் புத்தகம் வைப்போம் என்றார்கள் மட்டேல்காரர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதே என்று மறு கேள்வி வந்தது. அப்படியென்றால் தொலைக்காட்சியில் வருவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பிறகுதான் தயாரிப்பவரைத் தேடினார்கள். ஃபில்மேஷன் நிறுவனம் 1983 செப்டெம்பரில் தொடங்கி 130 அத்தியாயங்கள் செய்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பாத்திரம் ஒன்று வந்து பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்: உண்மை பேசு, பெற்றோரிடம் மறைக்காதே என்று. இருபது நிமிடம் பொம்மையைக் காட்டிவிட்டு அரை நிமிடம் நற்போதனை. ஆசிரியர்களான எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை.

1984இல் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வந்தது. அது இன்னும் விசித்திரம். ஜப்பானின் தகாரா கம்பனி, காராகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மைகளை வேறு பெயர்களில் விற்றுக்கொண்டிருந்தது. அவற்றில் பல, உள்ளே சின்னஞ்சிறு மனிதன் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்கள், உயிருள்ளவை அல்ல. அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ அவற்றை வாங்கி மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்திடம் கொடுத்து, இவற்றுக்குக் கதை சொல்லுங்கள் என்றது. ஒப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டெனி ஓ'நீல். மற்றப் பெயர்களில் பெரும்பாலானவற்றையும், யார் கோபக்காரன், யார் பயந்தவன், யார் வாயாடி என்ற குணங்களையும் எழுதியவர் பொப் புடியான்ஸ்கி. சில நாட்களுக்குள் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தார். அந்தக் குணக்குறிப்பு பெட்டியின் பின்பக்கத்தில் அச்சானது. ஒவ்வொருவரின் பலத்தையும் வேகத்தையும் காட்டும் அட்டவணையை வாசிக்க ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டும் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெட்டியிலிருந்து அந்த அட்டையை வெட்டிச் சேர்த்துவைத்தார்கள். பொம்மை சேகரிப்புப் பொருளாகவும் ஆனது. ஒன்று இருந்தால் போதாது, அட்டையில் உள்ள மற்றவர்களும் வேண்டும்.

எங்களை உலுக்கிய பகுதி அடுத்தது. 1986இல் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் கார்ட்டூன் திரைப்படம் வெளியானது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறான். இரண்டு வருடமாகப் பிள்ளைகள் தகப்பனைப் போல நேசித்த தலைவன். கதைக்குத் தேவைப்பட்டு அவன் சாகவில்லை. 1984ஆம் ஆண்டுப் பொம்மைகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் புதிய வரிசையை வைக்க வேண்டியிருந்தது. பழையவர்கள் போனால்தானே புதியவர்களுக்கு இடம்? பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட பொம்மைகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கொட்டகைகளில் பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. கம்பனிக்காரர்கள் உண்மையிலேயே திகைத்துப்போனார்களாம். தாங்கள் ஒரு சாமானை நிறுத்தியதாக நினைத்தார்கள், பிள்ளைகளுக்கோ அது ஒரு மௌத்து. அதே காலத்தில் தயாரான ஜி.ஐ. ஜோ படத்தில் சாக வேண்டிய வீரனைக் கடைசி நேரத்தில் மயக்க நிலைக்கு மாற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். பிரைமையும் 1987இல் தொலைக்காட்சித் தொடரில் உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் பெகி சாரன். பொஸ்டன் நகரத்துக்கு அருகே தன் வீட்டு வரவேற்பறையில் வேறு சில தாய்மாரைச் சேர்த்து 1968இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர். நிகழ்ச்சிகளைத் தடை செய்யுங்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்லவை வர வழி விடுங்கள், பிள்ளையை வாடிக்கையாளராக மட்டும் பார்க்காதீர்கள் என்றார். இருபத்திரண்டு வருடம் போராடிய பிறகு, 1990இல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. வாரநாட்களில் மணித்தியாலத்துக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம், அதற்கு மேல் விளம்பரம் கூடாது. பொம்மையை வைத்து நிகழ்ச்சி செய்வது அதன்பிறகும் தொடர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்கள் நேர்மையற்றவர்களாகிவிடுவோம். 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட், எழுத்தும் எண்ணும் படிப்பிக்க ஆராய்ச்சி செய்து உருவாக்கிய நிகழ்ச்சி. அதன் பாத்திரங்களின் பொம்மைகளில் வந்த பணம் நிகழ்ச்சியை ஓட்டவே உதவியது. 1996இல் வந்து கடைகளைக் கலக்கிய, வயிற்றைத் தொட்டால் சிரித்துக் குலுங்கும் எல்மோ அந்தக் குடும்பம்தான். அதன் மூலத்தைக் கேளுங்கள். ரொன் டப்ரன் என்பவர் பூங்காவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கிச்சுகிச்சு மூட்டிச் சிரிப்பதைப் பார்த்து, சிரிக்கும் பொம்மை ஒன்றை யோசித்தார். முதலில் அது ஒரு குரங்கு. டைகோ கம்பனியிடம் அப்போது இருந்த உரிமம் வேறு பாத்திரங்களுக்கு என்பதால் அதில் ஒன்றாக மாறப் பார்த்தது. பிறகு செசமி ஸ்ட்ரீட் உரிமம் கைக்கு வர எல்மோ ஆனது. வருட முடிவுக்குள் பத்து இலட்சம் அளவில் விற்றது. கனடாவில் ஒரு கடை ஊழியர் கூட்டத்தில் மிதிபட்டு விலா எலும்பு முறிந்தார். நல்ல நிகழ்ச்சியின் பொம்மைக்கும் கூட்டம் கூட்டம்தான்.

இப்போது ஊருக்கு நெருக்கமான விசயம். 2007 ஜூனில் தோமஸ் ரயில் மரப்பொம்மைகள் ஏறத்தாழ 15 இலட்சம் அமெரிக்காவில் திருப்பி அழைக்கப்பட்டன. நிறப்பூச்சில் ஈயம். ஓகஸ்டில் மட்டேலின் டோரா, எல்மோ பொம்மைகள், அமெரிக்காவில் மட்டும் 9 இலட்சத்து 67 ஆயிரம். அதே காரணம். சீனத் தொழிற்சாலைக்கு நிறம் கொடுத்தவர் ஈயம் கலந்த பூச்சைக் கொடுத்திருந்தார். அவர் தொழிற்சாலைச் சொந்தக்காரரின் நண்பராம். அந்தச் சொந்தக்காரர் அதே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு சென்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை. பிள்ளைகள் பொம்மையை வாயில் வைக்காமல் வேறென்ன செய்யும்? மறு வருடம் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. பொம்மைப் பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 600 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்ததை 90 ஆகக் குறைத்தது.

அந்த டோராவைத் திருப்பி அழைக்க முடிந்தது எதனால்? உரிமத்தினால்தான். முகத்தின் சொந்தக்காரர், பொம்மைக் கம்பனி, தொழிற்சாலை, தொகுதி இலக்கம் என்று ஒரு சங்கிலி எழுத்தில் இருந்தது. பெருநாள் கார்னிவலில் தார்ப்பாயின் மேல் குவித்து வைத்திருக்கும் பொம்மையில் அந்தச் சங்கிலி இல்லை. பெட்டியில் கம்பனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை. டோராவின் கண் கொஞ்சம் கோணியிருக்கும், நிறம் நகத்தில் உரியும். விற்கிறவரும் நம்மைப் போல அன்றாடம் உழைக்கிறவர்தான், அவருக்கும் அது எங்கே செய்தது என்று தெரியாது. அசலை வாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆசிரியர் சம்பளத்தில் எங்களாலேயே முடியாது. நிறம் உரியும் பொம்மையைக் கைக்குழந்தைக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று உம்மாமாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன கிழமை அதே தரம் இரண்டில் புலியின் கதையைச் சொன்னோம். கரும்பலகையில் பெரிய புலி, பக்கத்தில் குட்டி வீரன், முதுகில் சேணம். வகுப்பே சிரித்தது. கறுப்புப் பைக்காரப் பிள்ளை மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டது:

"அப்ப அந்தப் புலிட முதல் ஆள் எங்க போன, சேர்?"

பிக் ஜிம்மைச் சொல்கிறது. 1972இல் வந்தவர். இன்று பழைய பொம்மை சேர்ப்பவர்களுக்குத்தான் அவருடைய பெயர் தெரியும் என்றோம்.

"அவருட மொகம் எப்பிடி?"

கைபேசியில் தேடிக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பையை மேசைக்கு மேலே எடுத்து வைத்து, சோக்கட்டி ஒன்று கேட்டது.